இரண்டாவது கோருக்கு என்ன வேலை?

2005 ஆகஸ்டில் ஏஎம்டி நிறுவனம் அத்லான் 64 எக்ஸ்2 3800+ என்ற ப்ராசஸரை வெளியிட்டது. அத்லான் 64 3800+ என்று இன்னொன்று ஏற்கெனவே கடைகளில் இருந்தது. பெயரில் அந்த ‘எக்ஸ்2’ மட்டும்தான் கூடுதல். இரண்டும் 939 ஊசிகள் கொண்ட ஒரே சாக்கெட்டில் உட்காரும். இரண்டுக்கும் வெப்ப வரம்பு 89 வாட்தான். உள்ளே இருப்பதுதான் வேறு. பழையதில் ஒரே ஒரு கோர். அது விநாடிக்கு 240 கோடி முறை துடிக்கும், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். புதியதில் இரண்டு கோர், ஒவ்வொன்றும் 2.0 கிகாஹெர்ட்ஸ்.

கேம் விளையாடவென்றே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்ய சென்னையின் ரிச்சி தெருவுக்குப் போனவர்களை அந்த நாட்களில் அலைக்கழித்த கேள்வி இது. வேகமான ஒன்றா, கொஞ்சம் மெதுவான இரண்டா? கவுன்ட்டரில் நிற்பவர் “டூயல் கோர் சார், டபுள் ஸ்பீடு” என்பார். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பையன் “கேமுக்கு சிங்கிள்தான் நல்லதுண்ணே, ரெண்டாவது கோர் சும்மாதான் கெடக்கும்” என்பான். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள, ஒரு கேம் ஓடும்போது ப்ராசஸருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

திரையில் ஒரு கேம் வழுக்கிக்கொண்டு ஓட, விநாடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியென்றால் ஒரு படத்தைத் தயார் செய்ய 16.7 மில்லிவிநாடிதான் அவகாசம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் அந்த நேரத்தில் 4 கோடி முறை துடித்துவிடும். 4 கோடி என்றதும் தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். அதற்குள் செய்ய வேண்டிய வேலைகளைப் பாருங்கள். மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று படிக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரி அடுத்து எங்கே ஓடுவான் என்று தீர்மானிக்க வேண்டும். நீங்கள் சுட்ட குண்டு அவன்மேல் பட்டதா, பக்கத்திலிருந்த பீப்பாயில் பட்டதா என்று கணக்கிட வேண்டும். பீப்பாய் என்றால் அது உருண்டு போய் எங்கே நிற்கும்? விழுந்தவனின் கை கால் எப்படி மடங்கும்? இவ்வளவும் முடிந்த பிறகு, உங்கள் கண்ணுக்கு எவை தெரியும் எவை தெரியாது என்று பிரித்து, தெரிபவற்றை ஒவ்வொன்றாக கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். படத்தை வரைவதென்னவோ கிராஃபிக்ஸ் கார்டுதான். ஆனால் எதை, எந்த இடத்தில், எந்தக் கோலத்தில் வரைவது என்று சொல்லிக்கொடுப்பது ப்ராசஸர்.

இந்த வேலைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருபவை. எதிரி எங்கே நகர்ந்தான் என்று தெரியாமல் குண்டு பட்டதா என்று சொல்ல முடியாது. குண்டு பட்டதா என்று தெரியாமல் அவன் விழுவதை வரைய முடியாது. இரண்டு தோசைக்கல் இருப்பதால் ஒரு தோசை சீக்கிரம் வெந்துவிடாது. பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் மட்டுமே இரண்டாவது கல்லுக்கு வேலை. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது பத்துப் பேர் பந்தி. படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்குப் பாதி கொடுத்துவிடலாம். 2005இன் கேம்களில் பெரும்பாலானவை ஒற்றைத் தோசை.

அப்படியிருக்க, ஒரே கோரை இன்னும் வேகமாக்கிக்கொண்டே போயிருக்கலாமே, எதற்கு இரண்டாவது? போகத்தான் பார்த்தார்கள். 2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த இன்டெலின் பென்டியம் 4, நான்கே ஆண்டுகளில் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இதற்காக அதன் பொறியாளர்கள் ஒவ்வொரு கட்டளையையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார்கள். முதலில் 20 படிகள். 2004இல் வந்த பிரெஸ்காட் வடிவத்தில் 31. படி சிறியதானால் துடிப்பு வேகமாகும். ஆனால் ஒரு ‘இப்படி என்றால் அந்தப் பக்கம் போ’ என்ற கட்டளையில் ப்ராசஸரின் ஊகம் தப்பிவிட்டால், வரிசையில் பாதி வழி வந்த அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். கேம்களில் அப்படிப்பட்ட கட்டளைகள்தான் நிறைய. எதிரி பார்த்தானா, இல்லையா? கதவு திறந்ததா, இல்லையா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் 64, அதைவிட 1 கிகாஹெர்ட்ஸ் கூடுதலாகத் துடித்த பென்டியம் 4-ஐ கேம்களில் முந்தியதற்கு இது ஒரு காரணம். நினைவகத்தோடு நேரடியாகப் பேசும் சுற்றை ஏஎம்டி ப்ராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டது இன்னொரு காரணம்.

இதைவிடப் பெரிய சுவர், சூடு. ஒரு ப்ராசஸர் விழுங்கும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்தில் ஏறும். வேகமாகத் துடிக்கவைக்க மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும் என்பதால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மும்மடியாகத் தாக்கும். இந்தப் போக்கில் போனால் சிலிக்கான் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும் ராக்கெட்டின் வாயையும் எட்டிவிடும் என்று இன்டெலின் பாட் கெல்சிங்கரே 2001இல் ஒரு மாநாட்டில் எச்சரித்திருந்தார். 2004 மே மாதம் பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவேண்டிய டேஜாஸ் ப்ராசஸர் கைவிடப்பட்டது. அக்டோபரில், வருகிறது வருகிறது என்று சொல்லப்பட்ட 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கைவிடப்பட்டது. அதே மாதம் இன்டெலின் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் ஒரு கருத்தரங்க மேடையில், நிறைந்த அவையின் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். உலகின் மிகப் பெரிய சில்லுத் தொழிற்சாலைகளை நடத்தியவர் மண்டியிட்டது இயற்பியலுக்கு முன்னால் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மும்மடிக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் டூயல் கோரின் நியாயம் விளங்கும். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் குறைத்தால், மின்திறன் 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.51 மடங்காகச் சரியும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சூடு பாதியாகிவிடுகிறது. மிச்சமான அந்தப் பாதியில் இன்னொரு கோரை வைக்கலாம். 89 வாட்டுக்குள் ஒன்று, அதே 89 வாட்டுக்குள் இரண்டு என்று ஏஎம்டியால் கொடுக்க முடிந்தது இந்த வழியில்தான். டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை கார்டன் மூர் 1965இல் சொன்னபடி பெருகிக்கொண்டுதான் இருந்தது. பெருகியதை வைத்து வேகத்தைக் கூட்ட முடியாமல் போனதால், ஆளைக் கூட்டினார்கள்.

கூட்டிய விதத்திலும் வித்தியாசம் உண்டு. எக்ஸ்2இல் இரண்டு கோர்களும் சில்லுக்கு உள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இன்டெல் அவசரமாகக் கொண்டுவந்த பென்டியம் டி அப்படி அல்ல. பொதுச்சுவர் வைத்த இரண்டு வீடுகள் போல இரு கோர்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு கரண்டி சர்க்கரை கடன் கேட்கக்கூடத் தெருவுக்கு இறங்கி, சுற்றி வந்து, எதிர்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெரு, மதர்போர்டில் ஓடும் ‘ஃப்ரன்ட் சைடு பஸ்’ என்ற தகவல் தடம். நினைவகத்துக்குப் போகும் போக்குவரத்தும் அதே தடத்தில்தான். 3.2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் டி 840 இதற்கு 130 வாட் கேட்டது. கேமுக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

சரி, அந்த இரண்டு 3800+களுக்குத் திரும்புவோம். ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் அம்டால் 1967இலேயே ஒரு கணக்குச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் கடிவாளம். இதை நம் கேமுக்குப் போட்டுப் பார்க்கலாம். சிங்கிள் கோர் 3800+ ஒரு படத்துக்கு 20 மில்லிவிநாடி எடுக்கிறது என்று வையுங்கள். விநாடிக்கு 50 படங்கள். எக்ஸ்2இன் ஒரு கோர் ஆறில் ஒரு பங்கு மெதுவானது. கேம் அந்த ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் 24 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 42 படங்கள்கூட முழுதாக வராது. கல்லூரிப் பையன் சொன்னது இதைத்தான். கேமின் வேலையில் பாதியை இரு கோர்களுக்கும் சமமாகப் பிரிக்க முடிந்தால் 18 மில்லிவிநாடி. விநாடிக்கு 55 படங்கள். கடைக்காரர் சொன்ன ‘டபுள்’ இங்கேயும் இல்லை. மொத்த வேலையும் பிரிந்தால்கூட எக்ஸ்2 முந்துவது 1.67 மடங்குதான், ஏனென்றால் ஒவ்வொரு கோரும் மெதுவானது. இரண்டு ப்ராசஸரும் சமமாக நிற்கும் புள்ளி எது? கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு என்று வருகிறது. கேமின் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிக்க முடிந்தால் டூயல் கோர். அதற்குக் கீழே என்றால் சிங்கிள் கோர்.

அந்த மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதற்குக் கேம் எழுதுபவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. முதல் முயற்சிகள் டூயல் கோர் பிறப்பதற்கு முன்பே நடந்தன. 1999இல் ஏபிட் பிபி6 என்ற மதர்போர்டில் மலிவான செலரான் ப்ராசஸர்கள் இரண்டைச் செருகி ஓட்டிய ஆர்வலர் கூட்டம் ஒன்று இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குவேக் 3 கேமில் இரண்டு ப்ராசஸர்களைப் பயன்படுத்தும் வசதியும் இருந்தது. ஆட்டத்தின் போக்கை ஒன்று முடிவு செய்யும்; கிராஃபிக்ஸ் கார்டுக்குப் படங்களை அனுப்பும் வேலையை மற்றது பார்க்கும். 2005 அக்டோபரில் வந்த குவேக் 4, கால் ஆஃப் டூட்டி 2 ஆகிய இரண்டும் டூயல் கோருக்கான ஆதரவைப் பின்னால் வந்த பேட்ச்களில்தான் பெற்றன.

பிரித்துக் கொடுப்பதில் முதல் சிக்கல், இருவரும் ஒரே பொருளைத் தொடுவது. ஒரே கிணறு, ஒரே கயிறு என்றால் இரண்டு பேர் குடத்தோடு வந்தாலும் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். எதிரியின் உயிர் எவ்வளவு மிச்சம் என்ற ஒரே எண்ணை இரு கோர்களும் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் கணக்குக் குழம்பிவிடும். அதனால் பூட்டுப் போடுவார்கள். பூட்டு அதிகமானால் காத்திருப்பு அதிகமாகி, பிரித்த பலனே போய்விடும். பூட்டைக் குறைத்தால் ஆயிரத்தில் ஒரு முறை மட்டும் தலைகாட்டும் பிழைகள் வரும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் காணாமல் போய்விடும் அந்த வகைப் பிழையைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும்.

இன்னொரு சிக்கல் யாருமே எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அந்தக் காலக் கேம்கள் பல, நேரத்தை அறிய ப்ராசஸருக்குள்ளே இருக்கும் துடிப்பு எண்ணியைப் படித்தன. எக்ஸ்2இல் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி எண்ணி. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஓய்வெடுக்கும்போது இரண்டும் வேறுபட்டுப் போகும். கேம் முதல் கோரில் ஒரு முறை மணி பார்க்கும். விண்டோஸ் அதை இரண்டாவது கோருக்கு நகர்த்தியிருக்கும். அடுத்த முறை பார்த்தால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கும். திரையில் ஓடிக்கொண்டிருப்பவன் இரண்டடி பின்னால் இழுபட்டு, திடீரென்று தாவுவான். சரிசெய்ய ஏஎம்டி ஒரு சிறு மென்பொருளையே வெளியிட வேண்டியிருந்தது. அது தெரியாதவர்கள் செய்தது இன்னும் எளிது. கேமைச் சிறிதாக்கிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தக் கேமின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தி, எந்தெந்த ப்ராசஸரில் ஓடலாம் என்ற பட்டியலில் இரண்டாவதன் டிக்கை எடுத்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது கோரைத் தன் கையாலேயே அந்தக் கேமுக்கு மூடிவிட்டு விளையாடிய நாட்கள் அவை.

அந்த டாஸ்க் மேனேஜரிலேயே இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். இரண்டு கோர்களுக்கும் இரண்டு பச்சை வரைபடங்கள். பழைய கேம் ஒன்று ஓடும்போது மொத்தப் பயன்பாடு 50 சதவீதம் என்று நிற்கும். ப்ராசஸர் பாதி ஓய்வில் இருக்கிறது, ஆகவே குறை கிராஃபிக்ஸ் கார்டில்தான் என்று நினைத்துப் பலர் கார்டை மாற்றினார்கள். வரைபடங்களை உற்றுப் பார்த்தால் விஷயம் வேறு. இடது பக்கக் கோடு ஏறும்போது வலது பக்கக் கோடு இறங்கும். வலது ஏறினால் இடது இறங்கும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் ஒரே ஆள் மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே கட்டளை வரிசையாக, அதாவது ஒற்றை இழையாக (த்ரெட்), ஓடும் கேமை விண்டோஸ் இந்தக் கோருக்கும் அந்தக் கோருக்குமாக மாற்றி மாற்றி உட்காரவைக்கிறது. இரண்டையும் கூட்டினால் முழுதாக ஒரு கோர். அதாவது ப்ராசஸர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது, எண் மட்டும் பாதி என்று காட்டுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், 2005இல் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் எக்ஸ்2 வாங்கச் சொல்லியிருப்பேன். முதல் காரணம், நம் வீடுகளில் கேமுக்கென்று தனிக் கம்ப்யூட்டர் இருந்ததில்லை. கூடத்தின் மூலையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் அக்காவின் பிராஜெக்ட், அப்பாவின் கணக்கு, தம்பியின் கேம் எல்லாம். விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் ஆன்டிவைரஸ் தன் அன்றாடச் சோதனையைத் தொடங்கும். சிங்கிள் கோர் என்றால் படம் அரை விநாடி உறையும். உறைவு நீங்கும்போது நீங்கள் செத்துக் கிடப்பீர்கள். டூயல் கோரில் ஆன்டிவைரஸ் இரண்டாவது கோரில் தன்பாட்டுக்கு ஓடும். பத்திரிகைகள் வெளியிட்ட அட்டவணைகளில் இது தெரியாது. சோதனைக்கென்று சுத்தமாகத் துடைத்து வைத்த கம்ப்யூட்டரில், சராசரியாக விநாடிக்கு எத்தனை படங்கள் என்று மட்டும்தான் அளந்தார்கள். விளையாடுபவனின் கைக்குத் தெரிவது சராசரி அல்ல, நடுவில் ஏற்படும் அந்த ஒரு இடறல்.

இரண்டாவது காரணம், கம்ப்யூட்டரை எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்பது. 2005 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. அதற்குள் 3.2 கிகாஹெர்ட்ஸில் மூன்று கோர்கள். துடிப்பு அதிகம் என்றாலும் தனித்தனியாகப் பார்த்தால் எளிமையான கோர்கள் அவை; ஒன்றை மட்டும் நம்பினால் கேம் நகராது. அடுத்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3 இன்னும் விசித்திரம்: ஒரு முதன்மைக் கோர், அதைச் சுற்றி எடுபிடி வேலை பார்க்கச் சிறு கோர்கள். கேம் நிறுவனங்கள் வேறு வழியில்லாமல் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டன. 2006 நவம்பரில் வால்வ் நிறுவனம் தன் சோர்ஸ் எஞ்சினை மாற்றியமைத்த விதத்தைச் செய்தியாளர்களுக்கு விளக்கியது. சில வேலைகளை முழுதாக ஒரு கோரிடம் ஒப்படைப்பது, ஒரே மாதிரியான நூறு சிறு வேலைகள் என்றால் எல்லாக் கோர்களுக்கும் பங்கு வைப்பது என இரண்டையும் கலந்த முறை அது. 2008 டிசம்பரில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 கம்ப்யூட்டருக்கு வந்தபோது, குறைந்தபட்சத் தேவை என்று பெட்டியிலேயே போட்டிருந்தது 1.8 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டியூவோ. சிங்கிள் கோர்க்காரர்களுக்கு வாசல் மூடிவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2006 ஜூலையில், இன்டெலின் அந்தக் கோர் 2 டியூவோ ப்ராசஸர் வந்து இந்த வாக்குவாதத்தையே முடித்துவைத்திருந்தது. நீளமான படிவரிசையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக வேலை முடிக்கும்படி வடிவமைத்தார்கள். 65 வாட்டில் இரண்டு கோர்கள். அதில் ஒரு கோரே பழைய சிங்கிள் கோர்களை முந்தியது. எது நல்லது என்று கேட்கவே இடமில்லாமல் போயிற்று.

ஆனால் கேள்வி மட்டும் உருமாறி உருமாறி வந்துகொண்டிருக்கிறது. 2014இல் 72 டாலருக்கு வந்த பென்டியம் ஜி3258, வேகத்தை இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்ள வசதியுள்ள டூயல் கோர். சிக்கனக்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஃபார் க்ரை 4, இரண்டே இழைகள் ஓடும் ப்ராசஸர்களில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. காரணம் தேடினால் மறுபடி கன்சோல்தான்: 2013இன் பிளேஸ்டேஷன் 4இல் 1.6 கிகாஹெர்ட்ஸில் எட்டுக் கோர்கள். அதற்கென்று எழுதப்பட்ட கேம்கள், இரண்டு கோர் மட்டும் இருக்கும் கம்ப்யூட்டரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது ஆண்டுகளில், தேவைக்கு மிஞ்சி நின்ற டூயல் கோர் போதாதது ஆகிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் அண்ணனான 5800எக்ஸைவிட மெதுவாகத் துடிக்கும். கோர்கள் அதே எட்டுதான். கூடுதலாக இருந்தது, சில்லின்மேல் இன்னொரு மாடியாக அடுக்கிய கேஷ் நினைவகம்: 32 மெகாபைட் இருந்த இடத்தில் 96. பல கேம்களில் அது அண்ணனையும், 12 கோர் கொண்ட பெரியண்ணனையும் தாண்டிப் போனது. கேமின் முதன்மை இழை ஒன்றுதான். அது நினைவகத்திலிருந்து தகவல் வரும்வரை கைகட்டிக் காத்திருக்கும் நேரம்தான் பெரிய விரயம். அந்தக் காத்திருப்பைக் குறைத்தார்கள். கோரின் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் சொல்லாத கதை அது.

இன்று செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டரையோ புதிதாக ஒரு ப்ராசஸரையோ வாங்க நினைப்பவர், கடைக்குப் போகும்முன் தன்னிடம் இருப்பதிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, திரைத் தெளிவைப் பாதியாகக் குறையுங்கள். விநாடிக்கான படங்கள் குதித்து ஏறினால் திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு. ப்ராசஸருக்கு வைத்திருக்கும் காசை அதற்கே போடுங்கள். ஏறவில்லை என்றால் ப்ராசஸர்தான். அப்போது டாஸ்க் மேனேஜரில் கோர் வாரியான வரைபடங்களைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாக் கட்டங்களும் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கோர்கள் கூட வேண்டும். மொத்தக் கணக்கு, ஒன்றை அந்தக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்த அளவுக்கு அருகில் நின்றால், நான்கு கட்டங்களில் 25 சதவீதம் மாதிரி, உள்ளே ஒற்றை இழை மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கோரும் வேகமான ப்ராசஸராகத் தேடுங்கள். கேஷ் எவ்வளவு என்றும் கேளுங்கள்.